மார்க்குக்குப் பின்னால் ஒரு கோடு

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தாயிற்று. பானையைத் தேய்த்துக் கவிழ்த்தேன். மஞ்சள் குலை வாசலில் வாடிக் கிடக்கிறது. எடுக்கத் தெம்பில்லை, நாளை பார்க்கலாம்.

இவருக்கு இதுதான் கடைசிப் பருவம். மே மாதக் கடைசியில் ஓய்வு. சேர்ந்த நாள் முதல் ஒரே கல்லூரி, ஒரே கணிதத் துறை. ஒரு குறையும் சொல்லாமல் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள் என்றால் போதும், காந்திமதி அம்மைக்குப் பட்டு சாத்துகிறேன் என்று வேண்டியிருக்கிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இந்தப் பருவத்தில் நாலு விதமான பிள்ளைகளுக்கு வகுப்பு. கணிதமே எடுத்துப் படிக்கிறவர்கள், துணைப்பாடமாகப் படிக்கும் வேதியியல்காரர்கள், வணிகக் கணிதம் படிக்கும் பி.காம். பிள்ளைகள், அப்புறம் பள்ளிக்கூட ஆசிரியராகப் போகிற பி.எஸ்சி. பி.எட். பிள்ளைகள். சோறு போடும்போது கேட்டேன்.

"எல்லாம் ஒரே கணக்குத்தானங்க, அதுக்கு எதுக்கு நாலு புஸ்தகம்?"

"எல்லாம் ஒரே மாவுதான உலகு, நீ எதுக்கு இட்லியும் ஊத்துத, பணியாரமும் ஊத்துத?" என்றார். "பி.காம். பிள்ளைட்ட 'ஏன்'னு சொன்னா தூங்கும். கணக்குப் பிள்ளைட்ட 'ஏன்'னு சொல்லலைன்னா தூங்கும். கெமிஸ்ட்ரி பிள்ளை எப்பவுமே தூங்கும், அதுக்கு ரெக்கார்டு எழுதியே உயிர் போயிரும்."

"வாத்தியாராப் போற பிள்ளை?"

"அதுகிட்ட நாம 'ஏன்'னு சொல்லவே கூடாது. அதுவாக் கேக்கணும். கேக்க மட்டும் காத்துக் கெடக்கணும்."

நன்றாகத்தான் பேசினார். கை கழுவிவிட்டு வந்து, "சாப்பாடு ஆச்சா?" என்று இலையைத் தேடினார். அசதி. விடுமுறை முடிந்த முதல் நாள் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 22, திங்கள்

கல்லூரியில் திங்கள் செவ்வாய் என்று பாடவேளை கிடையாது. 'டே ஆர்டர்' என்பார்கள். ஒன்று முதல் ஆறு வரை சுற்றி வரும், முடிந்ததும் மறுபடி ஒன்று. இன்று எந்த டே ஆர்டர் என்று இவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் ஒரு வழி செய்தேன். அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிடுகிறேன். முதல் மணி பி.காம்., மூன்றாம் மணி வேதியியல் என்று தினமும் மறுநாளைக்கு. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இவர் வீட்டில் டியூசன் எடுத்த காலத்தில் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று கேட்டதுதான் என் படிப்பு. ஆனால் வீட்டுக் கணக்கு எழுதுவதை மட்டும் ஒரு நாள்கூட விட்டதில்லை. இந்த அட்டை அதைவிடப் பெரிய வேலையா என்ன?

கால் வலிக்கிறது. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். விரதம். தேர்வுத்தாள் கட்டு ஒன்று வந்திருக்கிறது.

ஜனவரி 30, செவ்வாய்

வாத்தியார்மார் வீட்டில் மார்க் கூட்டிப் போடுவது பெண்டாட்டி வேலை. இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் மார்க் போட்டு வைப்பார்கள், நாம் கூட்டி மேல்தாளில் எழுதுவோம். எனக்குக் கல்யாணமான முதல் வருடமே இந்த வேலை வந்துவிட்டது.

"திருத்தி முடிச்சிட்டேன். கூட்டி மட்டும் வச்சிரு" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனார். சாதம் வடித்துவிட்டுக் கட்டை அவிழ்த்தேன். முதல் சில தாள்களில் சிவப்பு மை இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கட்டின் அடி வரைக்கும் புரட்டிப் பார்த்தேன்.

விடைக்குறிப்பு இவர் கையெழுத்திலேயே கூடச் செருகியிருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தினேன். குறிப்பில் உள்ளது தாளில் இருந்தால் மார்க். இல்லாவிட்டால் இல்லை. வரவு இருந்தால் எழுதுவோம், இல்லாவிட்டால் எழுத மாட்டோம், அது போலத்தான். பிள்ளையாருக்கு ஒரு குட்டு வைத்துவிட்டே சிவப்புப் பேனாவைத் தொட்டேன்.

சாயங்காலம் கட்டைப் பார்த்துவிட்டு, "கூட்டிட்டியா? சரி" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

தப்பு என்னுடையது. கல்லூரிக் கமிட்டியில் ஒரு பெரியவர் தவறிவிட்டார் என்று நேற்று விடுமுறை விட்டார்கள். விடுமுறை வந்தால் டே ஆர்டர் நகராது, விட்ட இடத்தில்தான் தொடரும். நான் வீட்டுக் கணக்கில் செலவில்லாத நாளுக்கும் ஒரு வரி விடுகிறவள். அதே பழக்கத்தில் ஒரு ஆர்டரைத் தள்ளி எழுதிவிட்டேன்.

இவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தெளிச்சம். "இன்னைக்குப் பிள்ளைக அசையலை உலகு. ஒரு மணி நேரம் எல்லைத் தேற்றத்துக்கு நிரூபணம் எழுதுனேன். ஒரு சத்தம் இல்லை, ஒருத்தரும் தூங்கலை" என்றார்.

அட்டையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அது கணக்குப் பிள்ளைகளின் பாடம். இவர் போய் நின்றது பி.காம். வகுப்பில். வட்டிக் கணக்குக்குக் காத்திருந்த பிள்ளைகளுக்கு எல்லையும் நிரூபணமும்.

யாரும் புகார் சொல்லவில்லை. அம்மை காப்பாற்றினாள். இனிமேல் பியூன் செல்லையாவிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் அட்டை எழுத வேண்டும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து வடிவு பேசினாள். "அப்பா ஏம்மா ரெண்டு தடவையும் என் மாமியார் சொகமான்னே கேக்காங்க? அவங்க போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகுதே."

"டவர் சரியில்லை, உன் பேச்சு காதுல விழலை போல" என்றேன்.

"எனக்கு நல்லா கேட்டுதே."

பருப்பு தீய்கிற வாசனை வருகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். பருப்பு இன்னும் ஊறவே போடவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

சர்க்கரைக்குத்தான் டாக்டரிடம் போனோம். அவர் என்னமோ வேறு கேள்வியெல்லாம் கேட்டார். ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். இவர் போட்ட வட்டத்தைப் பார்க்க வேண்டும். காம்பஸ் இல்லாமல் அப்படி ஒரு வட்டம் வேறு யாருக்கு வரும்? எண்கள் மட்டும் எல்லாம் ஒரே பக்கமாகப் போய் நெருக்கிக்கொண்டு நின்றன.

"வட்டம் அருமை சார்" என்றார் டாக்டர். பிறகு என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். புது மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். காலையில் அரை, மாலையில் அரை.

வரும் வழியில் அகத்திக்கீரை வாங்கினேன். நல்ல இளசு.

பிப்ரவரி 28, புதன்

ஆசிரியராகப் போகிற பிள்ளைகளின் கட்டு. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். மற்றப் பிள்ளைகளின் தாளில் விடை என்று ஒன்று இருக்கும். இவர்களுக்குக் கேள்வியே 'ஒரு குழந்தைக்கு எப்படி விளக்குவீர்கள்' என்றுதான். எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். குறிப்பில் நாலே வரி. அந்த நாலு வரியைத் தேடித் தேடிக் கண் வலித்துவிட்டது.

ஒரு பிள்ளை பின்னத்தை வகுக்கக் கேட்டால் தலைகீழாக்கிப் பெருக்குவதைப் பற்றிச் சொல்லாமல் அரிசி, படி என்று கதை எழுதியிருந்தது. கடைசியில் விடை சரி. ஆனால் குறிப்பில் உள்ள ஒரு வரியும் இல்லை. பார்த்து எழுதியிருக்கும் என்று சைபர் போட்டேன். முழுசாகப் படிக்க உடம்பில் தெம்பில்லை. உலையில் அரிசி போட வேண்டியிருந்தது.

இதில் தேறினால்தான் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்களாம். மற்றவர்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள்.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. கோயிலுக்குப் போகவில்லை. கால் வலி என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது. இவரை உள்ளே விட்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதா திறந்து வைத்துவிட்டுப் போவதா என்று தெரியவில்லை.

மார்ச் 14, வியாழன்

சாயங்காலம் விளக்கேற்றும் முன் ஒரு பெண் வந்து நின்றாள். பை தோளில், முகமெல்லாம் வேர்வை. பத்தமடைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளை, பெயர் இசக்கிதேவி. பி.எஸ்சி. பி.எட்., மூன்றாம் வருடம்.

"அம்மா, சார் இருக்காங்களா? ஒரு மார்க் கேக்கணும்."

"அவங்களுக்கு அசதிம்மா. நாளைக்குக் காலேஜுல வச்சுக் கேளேன்."

"பயிற்சிக்குப் போறவங்க லிஸ்டை இன்னைக்கு ஒட்டிட்டாங்கம்மா. எம்பேரு மட்டும் இல்லை. நாளைக்கு ஹெட்மாஸ்டருக்கு அனுப்பிருவாங்க."

உள்ளேயிருந்து இவர் குரல். "யாரது உலகு? உள்ள வரச் சொல்லு."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். மறுநாள் இட்லிக்கு அரிசி போட வேண்டும். அரிசி டின்னைத் திறந்து ஆழாக்கைக் கையில் எடுத்தேன். பேச்சு அங்கிருந்தே கேட்டது.

"என்ன கேள்வி கேட்டிருந்தேன்?"

"முக்காலை அரைக்காலால வகுக்கணும் சார். ஏன் தலைகீழாக்கிப் பெருக்குதோம்னு அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்லணும்."

"நீ என்ன சொன்ன?"

"தலைகீழாக்கவே வேண்டாம்னு சொன்னேன் சார். முக்கால் படி அரிசி இருக்கு. அதை ஆழாக்கால அளக்கணும். எட்டு ஆழாக்கு ஒரு படி, அப்ப ஆழாக்குன்னா அரைக்கால் படி. முக்கால் படியில எத்தனை ஆழாக்கு? ஆறு. ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டாந்துட்டா ஆறை ஒண்ணால வகுக்க மாதிரித்தான். இப்படி நாலஞ்சு கணக்கு போட்டா, முக்காலை எட்டால பெருக்குனாலும் அதே ஆறுதான வருது, 'ஏன்'னு பிள்ளையே கேக்கும். அப்ப தலைகீழைச் சொல்லிக் குடுக்கலாம்னு எழுதுனேன்."

என் கையில் ஆழாக்கு. டின்னுக்குள் பாதி அமிழ்ந்து இருந்தது. தினமும் இப்படித்தானே அளக்கிறேன்.

இவர் சிரித்தது கேட்டது. எத்தனையோ நாளாகக் கேட்காத சிரிப்பு. "சரியாத்தான எழுதியிருக்க? என் குறிப்பை விட நல்லாருக்கே. யாரு இதுக்குச் சைபர் போட்டது?"

"நீங்கதான் சார்."

நான் நிலைப்பக்கம் வந்து எட்டிப் பார்த்தேன். இவர் அவள் கொண்டுவந்த தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"இது என்ன, பின்னால கோடு?"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இந்தத் தடவை எல்லாருக்குமே அப்படித்தான் சார் போட்டிருக்கீங்க. கடை பில்லு மாதிரி ஒரு சாய்கோடு, ஒரு படுக்கைக்கோடு. சார் பென்சன் கணக்கு போட்டுப் பழகுதாங்கன்னு பிள்ளைக சொல்லுதுக." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எந்த எண்ணை எழுதினாலும் பின்னால் அந்தக் கோட்டை இழுத்துவிடுவேன், யாரும் ஒரு சைபரைச் சேர்த்துவிடக் கூடாது என்று. கை தானாகப் போடுகிறது. சைபருக்குமா போட்டேன்?

இவர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தார். அதில்தான் நான் பால் கணக்கு எழுதுவது. தேதிக்குத் தேதி, எண்ணுக்குப் பின்னால் அதே கோடு.

"ஆமா" என்றார். "நான்தான் போட்டேன். கவனிக்காமப் போட்டுட்டேன். தப்பு எம்பேருல." பேனாவை வாங்கிச் சைபரை அடித்துப் பத்து போட்டுக் கையெழுத்து வைத்தார். "துறைத்தலைவர் ஜெபசிங்கிட்ட இப்பவே போன்ல சொல்லிருதேன், லிஸ்ட்டுல உம்பேர் இருக்கும். உலகு, பிள்ளைக்குக் காப்பி குடு."

காப்பி கொடுத்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து, "சார்ட்ட கேக்கவே பயந்துக்கிட்டு வந்தேம்மா" என்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

"எத்தனை கட்டு?" என்று காலையில் கேட்டார். நேற்று நடந்தது நினைவிருக்காது என்று ராத்திரியெல்லாம் நம்பிக்கொண்டிருந்தேன்.

"பொங்கலுக்கு அப்புறம் வந்த எல்லாம்."

"நான் திருத்திட்டேன்னுல்லா நெனச்சுக்கிட்டிருக்கேன்." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "எதை வச்சுத் திருத்துன?"

"உங்க விடைக்குறிப்பை வச்சுத்தான். வரிக்கு வரி பார்த்தேங்க."

"அந்தக் குறிப்பு எனக்காக எழுதுனது உலகு. பிள்ளை அதைப் பார்த்தா எழுதும்?"

"இன்னும் ரெண்டு மாசந்தானங்க. யாருக்கும் தெரியாம கரையேறிரலாம். அந்தப் பிள்ளைக்குத்தான் சரி பண்ணியாச்சே."

"அந்தப் பிள்ளைக்குக் கேக்க வாய் இருந்துது. பஸ் ஏறி வந்துது. கேக்காத பிள்ளை?"

மார்க் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் திருப்பிக் கொடுத்த கட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்து வைத்தேன்.

விடுப்பு சொல்லிவிட்டு எல்லாக் கட்டையும் கூடத்தில் பரப்பி அவரே உட்கார்ந்தார். வேதியியல் கட்டில் ஒரு தாளை எடுத்து, "இந்தப் பிள்ளையும் சரிதான், வேற வழியா வந்திருக்கு" என்றார். அதற்கும் நான் போட்டது சைபர். அடுத்த தாளை எடுத்தார். அதற்கடுத்து மறுபடி முதல் தாளையே எடுத்து, முதல் தடவை பார்ப்பது போலப் படித்தார். நான் வாசலில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தார்.

"நீயே கொண்டுபோய் ஜெபசிங்கிட்ட குடுத்துரு. சொல்ல வேண்டியதையும் சொல்லிரு. நான் போனா, எதுக்கு வந்தோம்னு பாதி வழியில மறந்துரும்."

இத்தனை மாதத்தில் மறதி என்ற வார்த்தையை இந்த வீட்டில் முதலில் சொன்னது இவர்தான். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. போய் அணைத்தேன்.

மார்ச் 18, திங்கள்

ஆட்டோவில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். ஜெபசிங் இவரிடமே படித்தவர், இப்போது துறைத்தலைவர். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"சாருக்கு மறதின்னு தெரியும்க்கா" என்றார். "பிப்ரவரியில இருந்தே தெரியும். பி.காம்.ல போயி ஒரு மணி நேரம் நிரூபணம் நடத்துனாங்கள்லா? அன்னைக்கு சாயங்காலமே அந்த வகுப்புப் பிள்ளைக நாலஞ்சு பேரு வந்துதுக. 'சார் எங்களுக்கு வேற என்னமோ நடத்திட்டாங்க. ரொம்ப ஆசையா நடத்துனாங்க, அதனால பேசாம எழுதிக்கிட்டோம். வட்டிக் கணக்கை நீங்க நடத்தித் தாங்க, சார்ட்ட மட்டும் சொல்லிராதீங்க'ன்னுதுக. அதுல இருந்து சார் நடத்துற வகுப்புக்குப் பின்னாலயே நான் ஒரு தடவை போயிருதேன்."

எனக்கு அந்த நாற்காலியிலேயே படுத்துவிடலாம் போல இருந்தது. நான் யாரிடம் மறைத்தேனோ, அவர்கள் என்னிடம் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஆனா தாள் விசயம் தெரியாதுக்கா. இது தப்புதான். உங்களை மட்டும் சொல்லலை, கண்டும் காணாம இருந்தது எந்தப்பு. எல்லாத்தையும் நானும் இன்னொருத்தரும் மறுபடி திருத்துதோம். பிரின்சிபாலிட்டயும் இன்னைக்கே சொல்லியாகணும்."

"சொல்லுங்க தம்பி" என்றேன்.

திரும்பும்போது நடந்தே வந்தேன். கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 22, வெள்ளி

மருத்துவ விடுப்பு, ஓய்வு பெறும் வரைக்கும். வகுப்பெல்லாம் ஆள் மாற்றியாயிற்று. மே மாதம் விழா வைக்கலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். என்ன பேசுகிறோம் என்று மேடையில் மறந்துவிடும், வேண்டாம் என்று இவரே சொல்லிவிட்டார். மாலையும் இல்லை.

ஒன்றே ஒன்று. இசக்கிதேவியும் கூடப் படிக்கிற பிள்ளைகளும் ஜெபசிங்கிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். பயிற்சிக்குப் போகும் முன் அவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்திப் பார்ப்பார்கள். கடைசி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து பார்த்து மார்க் போட வேண்டும். அதற்குச் சார் வரட்டும் என்று. வியாழக்கிழமைகளில் ஒரு மணி நேரம். மார்க் கணக்கில் சேராது. ஆனால் வரட்டும் என்கிறார்கள்.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலுக்கு வேனில் போய் வந்தோம். வடிவும் வந்திருந்தாள். அவளிடம் எல்லாம் சொன்னேன். வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. பொங்கல் வைக்கும்போது வந்து அடுப்புக்கு ஓலை தள்ளிவிட்டாள்.

காந்திமதி அம்மைக்குப் பட்டு அப்படியே நிற்கிறது. என்ன வேண்டிக்கொண்டது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

நேற்று வியாழன். இவரைக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். இசக்கிதேவி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். இன்று சாயங்காலம் அவளே வீட்டுக்கு வந்தாள், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பாம், ஆசீர்வாதம் வாங்க.

"நேத்து நாந்தாம்மா நடத்துனேன். சார் கடைசி பெஞ்சுல இருந்து கேள்வி கேட்டாங்க. 'ஏன்'னு. நாலு தடவையும் அதே கேள்வி. நானும் நாலு தடவையும் வேற வேற மாதிரி சொன்னேன். அஞ்சாங்கிளாஸ்ல இப்படித்தான கேப்பாங்க?"

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். பார்வையாளர் குறிப்பு. இவர் கையெழுத்து கொஞ்சம் கோணலாக இறங்கிப் போயிருந்தது. 'பிள்ளைகள் கேட்கும் வரை காத்திருக்கிறார்' என்று ஒரே வரி. அதன் கீழே பத்து. பத்துக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, ஒரு படுக்கைக்கோடு.

இவர் கூடத்தில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கைக்குப் போட்டாரா, இதுதான் தன் கை என்று நினைத்துப் போட்டாரா, நான் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளைக்குத் திருநீறு பூசி அனுப்பினேன். பால்காரருக்கு நாளை சொல்ல வேண்டும், அரை லிட்டர் கூட வேண்டும் என்று. பிரதோஷம்.